குல்லா

ரப்பர் மரத்தைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பால் வற்றியதும் அடுப்புக்குத்தான் லாயக்கு என்று தோட்டத்திலேயே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஐயா. வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தால் அந்த மரம் எந்த வீட்டிலும் நிற்கும். நிறம் வெண்ணெய் மாதிரி. உளி சொன்னபடி கேட்கும். மருந்து போடாமல் விட்டால்தான் வம்பு. அதன் உள்ளே இருக்கிற மாவுச்சத்துக்குப் பூச்சி பறந்து வரும். வெளியே குண்டூசி குத்தியதுபோல் சில துளைகள் தெரியும், அவ்வளவுதான். உள்ளே எல்லாம் தூளாகிப் போயிருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்திரகுமார் வீட்டில் நடந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள், ஆனால் மரத்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சிங்களத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் புறப்பட்டு வந்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற பொலிஸ்காரர், தமிழ் தெரிந்த ஐயா ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றார். நல்லதாகப் போயிற்று. நான் படபடப்புக்காரன் இல்லை. கேட்காமலே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. யட்டியாந்தோட்டை பஜாரில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்தது தோட்டத்து லயத்து வரிசை வீடு ஒன்றில். இப்போது தோட்டத்து ஆட்களும் சரி, சிங்கள ஆட்களும் சரி, கட்டில் அலுமாரி என்றால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அந்தப் பேர் போதும்.

பெருமழையில் மண்மேடு சரிந்து லயத்தின் ஒரு பக்கம் போனபோது இந்திரகுமார் குடியிருந்த காம்பராவும் அதோடு போனது. அவன் பால் வெட்டுகிறவன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். பெண்சாதி பிரேமலதாவைக் கூட்டிக்கொண்டு கோயில் மடத்தில் கிடந்தான். ஹாட்வெயார் கடை பயாஸ் நானாதான் முதலில் பேச்செடுத்தார். சீமெந்து நான் தாறேன், மிச்சத்த ஆளாளுக்குப் பாருங்க என்றார். ஒருவர் கல் கொடுத்தார், ஒருவர் கூரைத் தகரம் கொடுத்தார், மேசன் பாஸ்மார் கூலி வாங்காமல் கட்டினார்கள். ரோட்டோரத்தில் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் உட்காரச் சின்ன இஸ்தோப்பு. எல்லாம் வந்தது. ஆனால் வெறும் கல்லையும் தகரத்தையும் வீடு என்று சொல்ல முடியுமா? நான் யாரும் கேட்காமலே முன்வந்தேன். உள் அலங்காரம் முழுவதும் என் பொறுப்பு என்றேன்.

வாசலுக்கு மேலே மாவிலைத் தோரணம், இலை இலையாக மரத்தில் செதுக்கினேன். நரம்பு உட்பட. சாமி தட்டுக்குத் தாமரை, கண்ணாடிக்குக் கொடிச் சட்டம், ஜன்னலுக்கு மேலே மல்லிகைச் சரம். எல்லாம் மருந்து போட்ட ரப்பர், இரண்டு கை பொலிஷ். காசு கொடுக்கிறவர்களின் கட்டில்களைக் காக்கவைத்துவிட்டு அதைச் செய்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தேன்.

பால் காய்ச்சிய அன்று ஊரே வந்திருந்தது. பயாஸ் நானா வாசலிலேயே நின்று தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். பிரேமலதா கையை உயர்த்தி ஓர் இலையைத் தொட்டாள்.

“எங்க ஊருல மாவெல கட்டுனா ரெண்டு நாள்ல காஞ்சு உதுந்துரும். இது உதுராதுல்லண்ணே?”

“நீ கெழவியாகுற வரைக்கும் உதுராதும்மா,” என்றேன்.

அவள் மஸ்கெலியாப் பக்கத்துப் பெண். அங்கே கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாவற்றுக்கும் தமிழே போதும். இங்கே அப்படியில்லை. கடையில் காசை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். நான்தான் பலமுறை பக்கத்தில் நின்று, அவளுக்கு என்ன வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்வருவேன். ஒரு துணியும் கொஞ்சம் எண்ணெயும் கொண்டுபோய்ச் சட்டங்களைத் துடைத்துக் கொடுப்பேன். கொடுத்ததைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் போனபோது கண்ணாடியைக் குசினிப் பக்கம் மாற்றியிருந்தார்கள். அங்கே புகை படியும் என்று சொல்லி நானே கழற்றிப் பழைய இடத்தில் மாட்டினேன். இன்னொரு நாள் தோரணத்தின் மேல் பிளாஸ்டிக் பூமாலை சுற்றியிருந்தது. அதையும் எடுத்து மடித்து மேசையில் வைத்தேன். பிரேமலதா பிளேன்டீ கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். உட்காரும்மா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு முதல் வாரம் போனபோது எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்திருந்தார்கள். பச்சை. ஜன்னலுக்கு வாங்கியதில் மிச்சம். தோரணம், தாமரை, கொடி, மல்லிகை எல்லாம் ஒரே பச்சையில் மூழ்கிக் கிடந்தன. இலை நரம்பெல்லாம் அடைபட்டுவிட்டது.

“பளபளன்னு இருக்குல்லண்ணே?” என்றான் இந்திரகுமார். கைவிரலெல்லாம் பெயின்ட். “மிச்சம் வீணாப் போகுதேன்னு நாங்களே அடிச்சுட்டோம். இவதான் தாமரைக்கு அடிச்சா.”

நல்லா இருக்கு என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த ஞாயிறு டேர்பன்டைனும் சுரண்டுகிற தகடும் கொண்டுபோனேன். வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறியபோது அவன் வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டான். ஆடாமல் இருக்கத்தான் பிடிக்கிறான் என்று நினைத்தேன்.

“அண்ணே, எறங்குங்க. கொறையா நெனச்சுக்காதீங்க. நீங்க செஞ்சு குடுத்தத நாங்க சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம். ஆனா இது எங்க வீடுண்ணே.”

மரியாதையாகத்தான் சொன்னான். சத்தம் கூடப் போடவில்லை. லயத்தில் பிறந்த ஒருவன் ‘எங்க வீடு’ என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? அவன் அப்பனும் பாட்டனும் தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவில் பிறந்து அதிலேயே செத்தவர்கள். கேட்கப் பெருமையாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“பெருமப்படுற ஆளு ஏன் சோத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாள். “குடுத்தாச்சுன்னா விட்ருங்க. அதுங்க வாழட்டும்.”

விட்டுவிட்டேன். அந்தப் பக்கமே போகவில்லை. ரோட்டில் போகும்போதுகூட அந்த வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டேன். எனக்குக் கோபம் இல்லை, ஐயா. கோபக்காரனாக இருந்தால் அன்றைக்கே ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

பெண்குழந்தை பிறந்து, பேர் வைத்த பிறகு, இந்திரகுமார் பட்டறைக்கு வந்தான். சசி என்று பேர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“அண்ணே, லயத்துக் காம்பரான்னா மேல மர விட்டம் இருக்கும். சேலையக் கட்டி புள்ளையப் போட்டுருவோம். இந்த வீட்டுல தகரமும் இரும்புப் பட்டையுந்தான். தொட்டிலு கட்ட எடமே இல்ல. புள்ள தரையில படுத்து அழுவுது. நீங்க ஒரு கட்ட போட்டுக் குடுத்தீங்கன்னா...” என்று இழுத்தான். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, “பிரேமாதான் அண்ணன்கிட்டயே கேளுங்கன்னா,” என்றான்.

யோசித்துப் பாருங்கள். வீடு கட்டிய இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாமரை செய்தேன், மல்லிகை செய்தேன், பிள்ளையைப் போட ஓர் இடம் செய்யவில்லை. செய்து தருகிறேன் என்றேன்.

அன்றைக்கு மருந்துத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. மருந்தும் பட்டறையில் இருந்தது. இல்லாததால் போடவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பட்டறைக்குப் பின்னால் விறகுக்கென்று போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்தேன். நல்ல தடிப்பு, நேரான கட்டை. மருந்து காணாதது. பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பூச்சி விழுந்திருந்தது. இதிலும் தட்டினால் சத்தம் லேசாக மாறியிருந்தது.

அதில் நான் செய்த வேலை என் வாழ்நாளிலேயே நல்ல வேலை. இரண்டு முனையிலும் இலைக் கொத்து. நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு கிளிகள். கிளிகள் கட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிய வேண்டும் என்று கழுத்துக்கும் வயிற்றுக்கும் கீழே ஆழமாகக் குடைந்தேன். இரண்டுக்கும் நடுவில் தொட்டில் கயிறு நழுவாமல் உட்கார ஒரு பள்ளம். பொலிஷ் போடவில்லை. இரண்டு சுவரிலும் ஓட்டை போட்டுக் கட்டையை ஏற்றி, சீமெந்து வைத்து இறுக்கினேன்.

“இதுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிராதீங்க,” என்றேன்.

“சத்தியமா மாட்டோம்ணே,” என்றான் இந்திரகுமார். “அண்ணன் வேலைய நாம கெடுத்துட்டோம்னு இவ அன்னைக்கே என்னைய ஏசுனா.”

பிரேமலதா தலையை ஆட்டினாள். இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. பெயின்ட் அடித்தால் மரத்தின் கண் அடைபட்டுப்போகும். அதற்குமேல் புதுப் பூச்சி முட்டையிட முடியாது. அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அடித்திருந்தால் அந்தக் கட்டை இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும். அந்த முறைதான் என் பேச்சைக் கேட்டார்கள்.

அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் தூள் கொட்டும், கட்டை தளரும், இந்திரகுமார் திரும்பவும் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவான். அப்போது நல்ல மரத்தில் ஒன்று செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். எங்க வீடு என்று சொல்கிற வாயால் அண்ணே நீங்க இல்லாம முடியாது என்றும் ஒருமுறை சொல்லட்டும் என்று நினைத்தேன். ஒரு மனுஷன் இவ்வளவு எதிர்பார்க்கக் கூடாதா?

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டார்கள். நானாகப் போகவில்லை, கூப்பிட்டார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் பிரேமலதா கிளிகளைக் காட்டுவாள். சசி தொட்டிலில் கிடந்தபடி மேலே பார்த்துக் கையை ஆட்டுவாள். கிளி கிளி என்று சொல்லிக் கொடுப்பார்கள். அவளுக்குப் பல் முளைத்தது. என்னைக் கண்டால் சிரிப்பாள். நானும் தூக்கி வைத்துக்கொள்வேன். எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஆசை இருந்தது, அதில் பொய் இல்லை.

கடைசியாகப் போன ஞாயிறு, சசி தலையில் ரோஸ் நிறத்தில் ஒரு கம்பளிக் குல்லா. நல்ல வெயில். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஒரு கூத்தக் கேளுங்க,” என்று பிரேமலதா சிரித்துக்கொண்டே வந்தாள். “நேத்து லைட்டு பூட்ட கரண்ட் பாஸ் வந்தாரு. ஏணியில ஏறி நின்னுக்கிட்டு மேலயும் காட்டுறாரு, புள்ளையையும் காட்டுறாரு, குல்லா குல்லாங்கிறாரு. எனக்கு அவரு பாஷ எங்க வெளங்குது? கொஞ்ச நாளா மேலருந்து மாவு மாதிரி கொட்டுதுல்ல, புள்ள தலையெல்லாம் பவுடரு கொட்டுன மாதிரி ஆயிருது. அதான், தலைக்குக் குல்லா போடச் சொல்றாருன்னு ஓடிப்போயி எடுத்துப் போட்டுவிட்டேன். அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டுப் போறாரு.”

“சரியா என்ன சொன்னாரு?” என்றேன்.

“மே லீயே குல்லோ... கஹலாவோ என்னமோ. நீங்க சொல்லுங்கண்ணே, என்ன சொல்லியிருப்பாரு?”

மே லீயே குல்லோ கஹலா. இந்தக் கட்டையில் உளுப்பூச்சி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்களத்தில் உளுப்பூச்சியைக் குல்லா என்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். மஸ்கெலியாப் பெண்ணுக்கு அது தலையில் போடுகிற குல்லாவாகக் கேட்டுவிட்டது. பாவம்.

நான் ஸ்டூலில் ஏறிக் கிளியின் கழுத்துக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. கீழே தொட்டிலில் சசி காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு உதைக்கும் கட்டை முனகுவது என் விரலுக்குத் தெரிந்தது. அப்போதே கயிற்றை அவிழ்த்திருக்கலாம். அவிழ்ப்பதற்குத்தான் கையை வைத்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

“இந்தக் கட்ட ஒண்ணுதாண்ணே இந்த வீட்டுக்கே அழகு,” என்றாள் பிரேமலதா கீழே நின்று. “அன்னைக்கு அந்தப் பச்சையப் பூசாம விட்டுருக்கலாம். உங்க வேலையோட அரும இதப் பாத்துத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.”

இத்தனை காலமும் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வாய் நிறையச் சொன்னாள். அதைக் கேட்ட கையோடு, அம்மா, இது விறகுக்குப் போட்ட கட்டை என்று எப்படிச் சொல்வது? கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“குல்லாதாம்மா சொல்லியிருக்காரு,” என்றேன். “புது மரம்னா கொஞ்ச நாளைக்குத் தூள் கொட்டும். கண்ணுல கிண்ணுல விழுந்துராம குல்லா போட்டே வையி.”

பிறகு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து சும்மா இருக்கவில்லை. மருந்து போட்ட கட்டை ஒன்றை எடுத்து அதே மாதிரி செய்யத் தொடங்கினேன். கொண்டுபோய் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கிளியின் மூக்கு சரியாக வரவில்லை. முதலில் செய்ததுபோல் இல்லை. அரைகுறை வேலையை அந்த வீட்டில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூலையில் சாத்திவைத்தேன்.

வியாழக்கிழமை காலை பிரேமலதா சசியைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். இந்திரகுமார் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். கட்டை ஒடிந்து விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார்தான் முதலில் ஓடியிருக்கிறார்கள். பட்டறைக்கு முன்னால் ஆட்டோ ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். உள்ளே பிரேமலதா மடியில் சேலைச் சுருள் ஒன்றை வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? பெட்டியும் நான்தான் செய்து கொடுத்தேன். பிரேமலதா என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்ன மாதிரியே குல்லா போட்டுத்தானண்ணே வச்சிருந்தேன்,” என்றாள். “கழட்டவே இல்லண்ணே. குல்லா போட்டுத்தான் வச்சிருந்தேன்.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெண்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். எனக்கும் மனம் இருக்கிறது, ஐயா.

இப்போது ஊரில் அவளைத்தான் ஏசுகிறார்கள். பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போனா பாரு என்கிறார்கள். புருஷன்காரனும் அவளோடு பேசுவதில்லையாம். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

அதற்காகத்தான் வந்தேன். அதோடு பயாஸ் நானாவின் பேச்சும் ஒன்று இருக்கிறது. சாவு வீட்டுக் கொல்லையில் உடைந்த கட்டையைப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு துண்டை எடுத்துக் கையில் தட்டினார். தூள் கொட்டியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்தார்.

“பாஸ், மருந்து போடாத கட்டயப் பாக்காம பூட்டிட்டீங்க போல,” என்றார். “வயசு போற நேரம் கை தவறுறதுதான். உங்கட வேலையில இப்பிடி வரும்னு நான் நெனக்கல்ல. மனசுல வச்சிக்காதீங்க. நான் ஒத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்கிறது. ஏழுமலைக்குக் கண் மங்கிவிட்டதாம், மரம் தெரியவில்லையாம். கட்டிலுக்குச் சொன்ன ஒருவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். போகட்டும், எனக்கு அது பெரிதில்லை. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

என் கண் மங்கவில்லை. கை தவறவும் இல்லை. அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்து, பூச்சி இருக்கிறது என்று தெரிந்துதான் எடுத்தேன். தளர்ந்தால் போதும் என்று நினைத்ததாகச் சற்று முன் சொன்னேன். தளர்வதற்கு மட்டும் என்றால் அவ்வளவு ஆழமாகக் குடைந்திருக்க வேண்டியதில்லை. எங்கே குடைந்தால் எங்கே ஒடியும் என்று எனக்குத் தெரியும். கயிற்றுப் பள்ளத்தை அதற்கு நேராகப் போட்டதும் நான்தான். விபத்து என்று எழுதியதை அடித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தத் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பொருத்திப் பாருங்கள், ஐயா. நான் வைத்த இடத்தில்தான் ஒடிந்திருக்கும். வேலையில் ஒரு பிசகும் இல்லை.